பாலைவன முகாமில் பேட்டரி விடியும்வரை தாங்க

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் க்வார்ட்ஸைட் என்றொரு சிற்றூர். குளிர்காலம் வந்தால் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் டிரெய்லர் வீடுகளை வண்டிக்குப் பின்னால் இழுத்துவந்து, ஊரைச் சுற்றியுள்ள அரசுப் பாலை நிலத்தில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகிறார்கள். திறந்தவெளியில் மின் இணைப்பு ஏது? விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் எல்லாம் டிரெய்லரின் 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான். அந்தப் பேட்டரிக்குத் தீனி போடுவது சோலார் பேனல்.

எத்தனை வாட் பேனல் வாங்கலாம் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: ஓர் இரவில் பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது?

குளிர்காலத்தில் பேட்டரியைக் காலி செய்வது ஹீட்டர். கேஸில் எரிவதுதானே, மின்சாரம் எதற்கு என்று தோன்றும். ஆனால் சூட்டை உள்ளே தள்ளும் விசிறி மின்சாரத்தில் ஓடுகிறது. ஓடும்போதெல்லாம் ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். பாலைவனத்தில் பகல் எவ்வளவு இதமாக இருந்தாலும் ஜனவரி இரவு நடுக்கிவிடும். விட்டுவிட்டு ஓடியும் விடிவதற்குள் மொத்தம் 5 மணி நேரம் ஆகிவிட்டால் 35 ஆம்பியர்-மணி போயிற்று. எல்ஈடி விளக்குகள், பம்ப், போன் சார்ஜ், எந்நேரமும் விழித்திருக்கும் கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி எல்லாவற்றுக்கும் ஒரு 20 என்று வையுங்கள். ஆக, நாளொன்றுக்கு 55. ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடாமல் 12 வோல்ட் கம்ப்ரசரில் ஓடுகிற வகை என்றால் கணக்கு இதைவிட நிறைய ஏறும். கூரை ஏசியை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். டிரெய்லர் பேட்டரிக்கு அது கட்டுப்படியாகாது.

இனி பேட்டரி. நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய-அமில வகைதான் இங்கும் பரவலாக உண்டு. அதில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். கோல்ஃப் வண்டிகளில் வைக்கும் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைப்பது அங்கே பழகிப்போன வழி. சுமார் 220 ஆம்பியர்-மணி கிடைக்கும். கூசாமல் எடுக்கக்கூடியது 110. அதாவது, வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு இரவு ஓட்டலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் பெரும்பகுதியை எடுக்கலாம், எடையும் குறைவு. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. பனி பெய்யும் மலையில் தங்குகிறவர்கள் அதை வண்டிக்கு உள்ளே, கதகதப்பான இடத்தில் வைப்பது நல்லது.

இப்போது பேனலுக்கு வருவோம். 200 வாட் என்று எழுதியிருப்பது சோதனைக்கூட அளவு. கூரையில் படுக்கப் போட்ட பேனலுக்கு அரிசோனாவின் டிசம்பரில் கிடைப்பது, முழு வெயிலாகக் கணக்கிட்டால், நாளுக்குச் சுமார் 3 மணி நேரம். வெப்பம், கம்பி, தூசி ஆகியவற்றில் போகும் இழப்பைக் கழித்தால் 35 ஆம்பியர்-மணி தேறும். 55-க்குப் பற்றாது. புதிய பேனல் வாங்க ஓடுவதற்குமுன் இருக்கிற பேனலைச் சாய்த்துப் பாருங்கள். அந்த அட்சரேகையில் டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 33 பாகைதான் ஏறுகிறது; தட்டையாகக் கிடக்கும் பேனலில் நேர்வெயிலின் பாதிக்குச் சற்று மேல்தான் விழும். தெற்கு நோக்கி நிமிர்த்தி வைத்தால் அதே பேனல் 60-ஐ ஒட்டித் தரும். கைச்செலவில்லாத இந்த வேலையைப் பலர் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கோடையில் சூரியன் உச்சிக்கு வந்துவிடுவதால் சாய்க்க வேண்டியதில்லை.

நிழல் இன்னொரு எதிரி. பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், கூரை ஏசியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே மொத்த மின்சாரமும் பெருமளவு சரியும். மரத்தடியில் வண்டியை நிறுத்த ஆசைப்படுகிறவர்கள், கம்பி இழுத்து வெயிலில் வைக்கக்கூடிய மடக்குப் பேனலை வைத்துக்கொள்கிறார்கள். அதற்குத் தடித்த கம்பி வேண்டும். 12 வோல்ட்டில் கம்பி மெலிந்தாலும் நீண்டாலும் வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள். பேட்டரியை ஒட்டி ஒரு ஃப்யூஸ் கட்டாயம். அது இல்லாமல் கம்பி உரசிவிட்டால் தீப்பிடிக்கும்.

தொடர்ந்து மூன்று நாள் மேகமூட்டம் என்றால் சிறு ஜெனரேட்டரை எடுக்கத்தான் வேண்டும். அதைக் காலையில் ஓட்டுங்கள். காலியாக இருக்கும் பேட்டரி அப்போது நிறைய மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். ஈய-அமில பேட்டரி நிரம்ப நிரம்ப உள்ளே வாங்கும் வேகம் குறையும். கடைசி 20 விழுக்காட்டுக்கே பல மணி நேரம் பிடிக்கும். அதற்காக எண்ணெயை எரிப்பது வீண். முற்பகலில் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, மிச்சத்தை மேகத்துக்கிடையே வரும் வெயிலிடம் விட்டுவிடலாம்.