அதிவேக ரோந்துப் படகுகள்: விலைக்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்விகள்

எமது கரையோர ஊர்களில் போதைப்பொருளைப் பற்றிப் பேசாத ஜும்ஆக் குத்பா இன்று குறைவு. புத்தளம், மன்னார், கிண்ணியா, கல்முனை என்று எங்கு சென்றாலும் 'ஐஸ்' என்ற சொல்லைப் பெற்றோர் அச்சத்தோடுதான் உச்சரிக்கிறார்கள். ஹெரோயினும் ஐஸும் பெருமளவில் கடல் வழியாகவே வருகின்றன என்பது பத்திரிகைகளில் வரும் கைப்பற்றல் செய்திகளைப் படிக்கும் எவருக்கும் தெரியும். ஒவ்வொரு பெரிய கைப்பற்றலுக்குப் பிறகும், "கடலில் அதிவேகப் படகுகள் போதாது, உடனே வாங்க வேண்டும்" என்ற கோரிக்கை எழுகிறது.

கோரிக்கை நியாயமானது. ஆனால் படகு வாங்குவதை ஒரு வாகனம் வாங்குவது போல நாம் நினைத்துக்கொள்கிறோம். விலை பேசி, பணம் கட்டி, ரிப்பன் வெட்டியதும் வேலை முடிந்துவிட்டது என்பதே பொதுவான எண்ணம். உண்மையில் செலவும் பொறுப்பும் அங்குதான் ஆரம்பிக்கின்றன. எந்தக் கடலில், யாரைப் பிடிக்க, எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை வருடத்துக்கு என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதப்படாமல் வாங்கப்படும் படகு, சில வருடங்களில் துறைமுகத்தில் கட்டிவைத்த இரும்பாகவோ, பேரக்குழந்தைகள் கட்டும் கடனாகவோ மாறிவிடும். இதைத்தான் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

நாம் காக்க வேண்டிய கடல்

இலங்கையின் நிலப்பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நீளும் எமது பிரத்தியேக பொருளாதார வலயம் சுமார் 517,000 சதுர கிலோமீற்றர். அதாவது நிலத்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. இதில் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ளதே எமது ஆள்புலக் கடல். 24 கடல் மைல் வரை சுங்கம், குடிவரவு போன்ற சட்டங்களை மீறுவோரைத் தடுக்கும் அதிகாரம் உண்டு. அதற்கு அப்பால் மீன்வளம் எம்முடையது. ஆனால் கப்பல்கள் சுதந்திரமாகச் செல்லலாம்.

இந்தப் பரப்பைக் கடற்படையும், 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உருவான கடலோரப் பாதுகாப்புத் திணைக்களமும் சேர்ந்தே பார்க்கின்றன. போரிடுவது கடற்படையின் அடிப்படை வேலை. சட்டத்தை நிலைநாட்டுவதும் உயிர்காப்பதும் கடல் மாசைத் தடுப்பதும் கடலோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வேலை. படகு வாங்கும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

போர்க்காலத்தில் இஸ்ரேலிலிருந்து டிவோரா ரகத் தாக்குதல் படகுகள் வாங்கப்பட்டன. பின்னர் கொழும்பு டொக்யார்டில் அதிவேகத் தாக்குதல் படகுகள் கட்டப்பட்டன. 'அரோ' எனும் சிறு படகுகளைக் கடற்படை உள்நாட்டிலேயே தயாரித்தது. இவை கடற்புலிகளோடு மோதுவதற்கானவை. துப்பாக்கியும் வேகமுமே அவற்றின் பலம். சட்ட அமுலாக்கப் படகுக்கு வேறு தேவைகள் உள்ளன. சந்தேகத்துக்குரிய படகோடு பாதுகாப்பாக அணைந்து ஆட்களை ஏற்ற வேண்டும். கைப்பற்றிய பொருளைச் சாட்சியமாகக் கெடாமல் கொண்டுவர வேண்டும். கைதானவர்களை வைத்திருக்க இடம் வேண்டும். தத்தளிப்பவர்களைத் தூக்கி எடுக்க வசதி வேண்டும்.

யாரைத் துரத்துகிறோம்?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது.

ஆழ்கடல் கடத்தலை முதலில் பார்ப்போம். ஈரான், பாகிஸ்தானின் மக்ரான் கரைப் பகுதியிலிருந்து புறப்படும் சரக்கு நடுக்கடலில் நெடுநாள் மீன்பிடிப் படகுகளுக்குக் கைமாறுகிறது. அந்த மீன்பிடிப் படகுகளின் வேகம் 10 நொட்டைத் தாண்டுவது அரிது. ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். ஆகவே இவற்றைப் பிடிக்க 40 நொட்டில் பாயும் படகு தேவையில்லை. தேவைப்படுவது தகவலும், விமானக் கண்காணிப்பும், வாரக்கணக்கில் கடலில் நிற்கக்கூடிய பெரிய கப்பலும். சிறிய அதிவேகப் படகு அவ்வளவு தூரம் சென்றால் திரும்பி வர எரிபொருள் இருக்காது.

இரண்டாவது, பாக்கு நீரிணையும் மன்னார் வளைகுடாவும். கேரள கஞ்சா, தங்கம், பீடி இலை, இறக்குமதித் தடைக் காலத்தில் மஞ்சள் எல்லாம் வந்தது இந்த வழியால்தான். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர்தான். நடுவிலுள்ள எல்லைக்கோட்டிலிருந்து எமது கரைக்கு ஏறத்தாழ 8 கடல் மைல். 30 நொட் வேகத்தில் வரும் பைபர் டிங்கி அதை 16 நிமிடத்தில் கடந்துவிடும். வேகமான படகு உண்மையிலேயே தேவைப்படுவது இங்குதான். ஆனால் அந்த 16 நிமிடத்துக்குள் ராடர் பார்த்து, செய்தி சொல்லி, ஆட்கள் ஏறி, என்ஜினை இயக்கிப் புறப்பட வேண்டும். ராடரும் தொடர்பாடலும் இல்லாவிட்டால் 50 நொட் படகு இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப் படகுகள். 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடித் தொழிலைத் தடைசெய்தது. இருந்தும் வடபகுதி மீனவரின் வலைகள் அறுபடுவது நிற்கவில்லை. 1990இல் விரட்டப்பட்டு, பல வருடங்களுக்குப் பிறகு வெறுங்கையோடு மன்னாருக்குத் திரும்பிய எமது மீனவக் குடும்பங்களும் இதில் பாதிக்கப்படுகின்றன. ஆனால் இழுவைப் படகு மெதுவாகச் செல்வது, கூட்டமாக வருவது. இந்தப் பிரச்சினைக்கு வேகத்தை விட எண்ணிக்கையும், எல்லாவற்றுக்கும் மேலாக இரு அரசுகளின் பேச்சுவார்த்தையுமே தீர்வு.

துரத்தலோடு சம்பந்தமில்லாத வேலைகளும் உண்டு. 2020 செப்டெம்பரில் அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு அப்பால் 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியபோது பொத்துவில் முதல் கல்முனை வரை கரையோர மக்கள் கலங்கி நின்றார்கள். 2022 டிசம்பரில் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் தத்தளித்த நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கிய அகதிகளைக் கடற்படை காப்பாற்றியது. ஒரே நாட்டுக்கு இத்தனை வகையான தேவைகள் உள்ளன. ஒரே ரகப் படகு இவை அனைத்துக்கும் பொருந்தாது.

சட்டம் வகுத்த வேகம்

வேகத்துக்குச் சட்ட ரீதியான ஒரு காரணமும் இருக்கிறது. ஐ.நா. கடல் சட்ட சமவாயத்தின் 111ஆம் உறுப்புரை 'விடாது துரத்தும் உரிமை'யைத் தருகிறது. எமது சட்டத்தை மீறிய வெளிநாட்டுப் படகை எமது கடற்பரப்புக்குள் துரத்த ஆரம்பித்தால், அதற்கு வெளியேயும் தொடர்ந்து சென்று பிடிக்கலாம். ஆனால் துரத்தல் இடையில் அறுந்துவிடக் கூடாது. நிற்குமாறு காட்டும் சமிக்ஞை பார்க்கக்கூடிய அல்லது கேட்கக்கூடிய தூரத்தில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். துரத்தும் படகு அரச சேவைக்குரியது என்ற அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும். ஓடுகின்ற படகு தனது நாட்டின் அல்லது இன்னொரு நாட்டின் ஆள்புலக் கடலுக்குள் நுழைந்த கணத்தோடு அந்த உரிமை முடிந்துவிடுகிறது.

எனவே படகில் வேகம் மட்டும் இருந்தால் போதாது. எங்கே ஆரம்பித்தோம், எப்போது சமிக்ஞை கொடுத்தோம் என்பதைப் பதிவு செய்யும் ஜீ.பி.எஸ். கருவியும் கெமராவும் வேண்டும். அவை இல்லாவிட்டால் கடலில் பிடித்தவரை நீதிமன்றத்தில் விட்டுவிட நேரும். அதே பதிவு, தவறாக நிறுத்தப்பட்ட அப்பாவி மீனவருக்கும் பாதுகாப்பு. இரவில் கடலில் ஒரு டிங்கியை மறிக்கும்போது அதிலிருப்பவர் மன்னார், கற்பிட்டி அல்லது கிண்ணியாத் தமிழ் பேசும் ஒருவராக இருக்கலாம். படகில் தமிழ் பேசும் அலுவலர் ஒருவராவது இருப்பது, ஒலிபெருக்கி இருப்பதைப் போன்றே அவசியமான ஏற்பாடு என்பது என் கருத்து.

படகுக்குள் என்ன பார்க்க வேண்டும்?

வேகம் கூடும்போது எரிபொருள் அதே அளவில் கூடுவதில்லை. அதைவிட மிக அதிகமாகக் கூடுகிறது. 2022இல் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் வரிசையில் நின்ற எமது மீனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எரிபொருளுக்கு நிதி ஒதுக்காமல் வாங்கும் அதிவேகப் படகு, மாதத்தில் சில நாட்கள் மட்டுமே கடலில் இறங்கும்.

அடுத்து, என்ஜின். வெளியிணைப்பு என்ஜின் மலிவு. எமது பட்டறைகளில் திருத்தலாம். ஆனால் நீண்ட ரோந்துக்கு உள்ளே பொருத்தும் டீசல் என்ஜின் சிக்கனமானது. நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் 'வோட்டர் ஜெட்' முறை ஆழமற்ற கடலுக்கு நல்லது. மணல் திட்டும் மீன் வலையும் நிறைந்த மன்னார்க் கடலில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ப்ரொப்பெல்லர் வலையில் சிக்கிவிடும். மீனவனின் வலையும் நாசமாகும். மறுபுறம் ஜெட் முறையின் உதிரிப்பாகங்கள் விலை கூடியவை, வெளிநாட்டிலிருந்தே வர வேண்டும்.

உடற்பகுதியும் அப்படித்தான். அலுமினியம் இலேசானது, உறுதியானது. ஆனால் அதை ஒட்டுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பைபர் கண்ணாடிப் படகு கட்டுவதில் இலங்கைக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. பருவக்காற்றையும் மறக்கக் கூடாது. தென்மேற்குப் பருவத்தில் மேற்கும் தெற்கும், வடகீழ்ப் பருவத்தில் கிழக்கும் கொந்தளிக்கும். அமைதியான கடலில் 45 நொட் ஓடியதாகக் காட்டும் சோதனை அறிக்கை, ஜூலை மாதத்து தெற்குக் கடலுக்குப் பொருந்தாது.

அன்பளிப்பும் கடனும்

அன்பளிப்பாகக் கிடைத்தால் என்ன என்று கேட்கலாம். கிடைத்திருக்கிறது. 2018இல் அமெரிக்கா தந்த 'ஷேர்மன்' இன்று 'கஜபாகு'. அது 1968இல் சேவைக்கு வந்த கப்பல். இந்தியா 2017இல் தந்த 'வருணா' 1988இல் சேவைக்கு வந்தது. ஜப்பான் மட்டும் 2018இல் 30 மீற்றர் நீளமான இரண்டு புதிய படகுகளைக் கடலோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குத் தந்தது. இவை பயனுள்ளவை, நன்றிக்குரியவை. ஆனால் பழைய கப்பலின் உதிரிப்பாகம், எரிபொருள், மாலுமிகள் எல்லாம் எமது செலவு. தரும் நாடு தன்னிடம் இருப்பதைத் தருகிறது. எமக்கு வேண்டியதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

கடன் பட்டு வாங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்து சமுத்திரத்தின் மறு கரையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2013, 2014இல் மொசாம்பிக்கின் மூன்று அரச கம்பனிகள் கரையோரக் கண்காணிப்புக்கும் ரோந்துப் படகுகளுக்கும் டூனா மீன்பிடிப் படகுகளுக்கும் என்று சுமார் 2 பில்லியன் டொலர் கடன் வாங்கின. நாடாளுமன்றத்தின் அனுமதியின்றி அரசு பிணை நின்றது. அதில் ஒரு பில்லியனுக்கும் அதிகமான தொகை மறைக்கப்பட்டிருந்தது 2016இல் வெளிவந்தது. சர்வதேச நாணய நிதியமும் உதவி நாடுகளும் கையை விரித்தன, நாணயம் சரிந்தது, 2017 ஜனவரியில் நாடு கடன் தவணையைக் கட்டத் தவறியது. பொருட்களின் விலை சுமார் 713 மில்லியன் டொலரால் கூட்டிக் காட்டப்பட்டிருக்கலாம் எனச் சுயாதீனக் கணக்காய்வு மதிப்பிட்டது. கடன் கொடுத்த கிரெடிட் சுவிஸ் வங்கி 2021இல் சுமார் 475 மில்லியன் டொலர் செலுத்த வேண்டி வந்தது. முன்னாள் நிதியமைச்சர் மனுவேல் சாங் 2024இல் நியூயோர்க்கில் குற்றவாளியாகக் காணப்பட்டு, 2025 ஜனவரியில் எட்டரை வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

எனக்கு இதில் மிகவும் வலிக்கும் பகுதி வேறு. மொசாம்பிக்கின் வடகரையான காபோ டெல்காடோ, முஸ்லிம் மீனவர்கள் அதிகம் வாழும் வறிய மாகாணம். 2017 ஒக்டோபரில் அங்கே ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. 2020 ஓகஸ்ட்டில் மொசிம்போவா ட ப்ராயா துறைமுக நகரையே ஆயுததாரிகள் கைப்பற்றினார்கள். கடலைக் காக்கவென்று வாங்கிய கடன் நாட்டின் கழுத்தில் இருந்தது. தேவையான நேரத்தில் அந்தக் கரையோர மக்களுக்குக் காவல் இருக்கவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

2022இல் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு எம்முடையது. எனவே அடுத்த முறை ரோந்துப் படகு வாங்கும் செய்தி வரும்போது, வாழ்த்துவதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேட்போம். எந்தக் கடற்பகுதிக்கு, எந்த வேலைக்கு? வாங்கும் விலையோடு இருபது வருட எரிபொருள், பராமரிப்பு, பயிற்சிச் செலவும் கணக்கிடப்பட்டதா? திறந்த கேள்விப்பத்திரமா, நேரடி ஒப்பந்தமா, உள்நாட்டுப் படகு கட்டுநர்களுக்கு வாய்ப்பு இருந்ததா? உதிரிப்பாகமும் திருத்தும் அறிவும் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா? கடனாயின் நாடாளுமன்றத்துக்கு முழு விபரமும் தெரியுமா?

தேசிய பாதுகாப்பு என்ற சொல் சில விபரங்களை மூடலாம். ராடர் எங்கே இருக்கிறது என்பது இரகசியமாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு படகு வருடத்தில் எத்தனை நாள் கடலில் இருந்தது, திருத்த எவ்வளவு செலவானது என்பவை இரகசியமாக இருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மீனவர் சங்கமோ பள்ளிவாசல் சம்மேளனமோ இதைக் கேட்கலாம். எமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவில் இதை எழுப்பலாம்.

பொதுப் பணம் ஓர் அமானிதம். எமது பிள்ளைகளைப் போதையிலிருந்து காப்பாற்றுவதற்கென்று அது செலவிடப்படும்போது அந்த அமானிதத்தின் கனம் இன்னும் கூடுகிறது. படகு வரட்டும், வேகமாகவும் வரட்டும். அது வந்து ஐந்து வருடங்களுக்குப் பிறகும் இரவில் மன்னார்க் கடலில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேட்கும் பழக்கமும் எம்மிடம் வரட்டும்.