கவரைக் கிழித்து எறியும் முன்

சுகர் எட்டிப் பார்த்துவிட்டது, இனி ராத்திரிக்குச் சோறு கிடையாது என்று முடிவாகும் வீடுகளில் அடுத்து நடப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மளிகைப் பட்டியலில் அரைவேக்காட்டுச் சப்பாத்தி, மசாலா ஓட்ஸ், ‘மல்டிகிரெய்ன்’ மாவு, ‘கொலஸ்ட்ரால் இல்லாத’ எண்ணெய் எல்லாம் ஏறுகின்றன. செலவு கூடுகிறது, உடம்பு குறைவதில்லை. பொருள் கெட்டிருந்தால் போய்க் கேட்கவும் வழியில்லை. பில் வாங்கவில்லை, கவர் அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது.

முதலில் எண்ணெய். தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அது இல்லை என்று அச்சடித்ததற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். செக்கு எண்ணெயோ ரேஷன் பாமாயிலோ, எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்கிறது. நான்கு பேர் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம் ஆகிறது. கடையில் தின்ற பஜ்ஜி இந்தக் கணக்கில் இல்லை. மாத முதல் தேதியில் மூன்றரை லிட்டர் எடுத்து வையுங்கள். கேனிலிருந்து நேரே வாணலியில் ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

அடுத்து, கவரின் பின்பக்கம். முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். சட்டம் கேட்கும் விவரம் பெரும்பாலும் பின்னால்தான் இருக்கிறது. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. ‘மல்டிகிரெய்ன்’ மாவில் கோதுமை முதலில் வந்து, கேழ்வரகும் சோளமும் கடைசியில் சிறு சதவீதமாக நின்றால், நீங்கள் வாங்குவது விலை கூடிய கோதுமை மாவு. கலோரியை 100 கிராம் கணக்கில் பாருங்கள். ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற சிறிய எண்ணை நம்பாதீர்கள். அந்த அளவோடு எழுந்து போகிறவர் யாருமில்லை. மசாலா ஓட்ஸில் சோடியத்தையும் பாருங்கள்: ஒரு நாளைக்கே 2,000 மில்லிகிராம்தான் வரம்பு. எண்ணெய் பாக்கெட்டில் எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம். பார்வைக்கு லிட்டர் பாக்கெட் போலவே இருந்து, உள்ளே 800 கிராம் மட்டும் உள்ளவை தாராளமாக விற்கின்றன. எம்.ஆர்.பி. பக்கத்தில் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்று அலகு விலை இருக்கும். ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

பாக்கெட் இல்லாமலே இரவுச் சாப்பாடு நடக்கும். நான்கு பேருக்கு 240 கிராம் கோதுமை மாவில் எட்டுச் சப்பாத்தி, 120 கிராம் துவரம் பருப்பும் அரைக் கிலோ சுரைக்காயும் போட்டுக் கெட்டியாக ஒரு கூட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கு டீஸ்பூன் எண்ணெய். ஆளுக்குச் சுமார் 370 கலோரி. சுரைக்காய் வயிற்றை நிரப்பும், கலோரி சேர்க்காது. பருப்பு ரேஷனில் வாங்கியதானால் அதன் செலவு நான்கு ரூபாய்கூட வராது.

ஆனால் அந்த ரேஷனைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அரிசி அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். இருப்பு இருந்தால் அரிசிக்குப் பதிலாகக் கோதுமையும் கேட்டு வாங்கலாம். “ஸ்டாக் வரல” என்ற ஒரு வார்த்தையோடு திரும்பி வருகிறீர்கள். சில நாள் கழித்து, வாங்காத பருப்பு வாங்கியதாகப் போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. அதை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. 1967 அல்லது 1800 425 5901 எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு விடாமல் எழுத்து மூலமாக வட்ட வழங்கல் அலுவலரிடம் கொடுங்கள். சென்னையில் மண்டல உதவி ஆணையரிடம். குடும்ப அட்டை நகல், எஸ்.எம்.எஸ். படம், கடை எண், தேதி போதும். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமிலும் கொடுக்கலாம். “பாக்கலாம், போங்க” என்று அனுப்பிவைப்பார்கள். ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள்.

எடை குறைந்தாலோ எம்.ஆர்.பி.க்கு மேல் விலை கேட்டாலோ உணவுப் பாதுகாப்புத் துறையிடம் ஓடிப் பயனில்லை. அது தொழிலாளர் துறையின் வேலை: மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). தராசுக்கு முத்திரை வைத்த சான்று கடையில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் மனுவில் எழுதுங்கள்.

கலப்படமோ பொய் லேபிளோ என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் போக வேண்டும். கவரில் இருக்கும் 14 இலக்க உரிம எண்ணைப் புகாரில் குறிப்பிடுங்கள். அதிகாரி வந்து மாதிரி எடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 40-ஆம் பிரிவின்படி நீங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை: சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இப்படி ஓர் உரிமை இருப்பதை அலுவலகத்தில் யாரும் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். பிரிவு எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.

இழப்பீடு வேண்டுமானால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பில், கவர், அனுப்பிய புகார்க் கடிதத்தின் நகல், மூன்றையும் இணையுங்கள். பில் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஆரம்பத்திலேயே படுத்துவிடும் வழக்குகள் உண்டு.

மறுபடி சொல்கிறேன், எரிச்சல் வந்தாலும் பரவாயில்லை: பத்து ரூபாய்ப் பொருளுக்கும் பில் கேளுங்கள். பொருள் தீரும்வரை கவரை வையுங்கள். டப்பாவில் கொட்டினால், தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள பக்கத்தை வெட்டி அதே டப்பாவுக்குள் போடுங்கள்.