நாஞ்சில் கடலோரம் – 17: பார்வையைத் தாழ்த்தும் கூரை

தக்கலையில் பஸ் ஏறி மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி, பாலராமபுரத்தில் திரும்பி விழிஞ்ஞம் வழியாகப் போனால் கோவளம். இன்று அது வேறு மாநிலம். 1956 நவம்பர் 1 வரை நாமும் அவர்களும் ஒரே ஆட்சியின் கீழ்தான் இருந்தோம்.

கோவளத்துக் குன்றின் மேல் நிற்கும் ஹால்சியன் மாளிகையை 1932-இல் கட்டியவர் திருவிதாங்கூர் ராணி சேது லட்சுமி பாயின் கணவர் ராமவர்மா வலிய கோயில் தம்புரான். அந்த ராணியை நாஞ்சில் நாட்டார் மறக்கக் கூடாது. மருமக்கள் வழியில் சொத்தெல்லாம் சகோதரி மகனான மருமகனுக்குப் போக, பெற்ற பிள்ளைகள் வெறுங்கையோடு நின்ற கொடுமையைக் கவிமணி பாடினாரே, அதற்கு முடிவு கட்டிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926-இல் ராணியின் ஆட்சியில்தான் வந்தது. எங்கள் தாத்தாவின் வயல் அப்பாவுக்கு வந்தது அந்தச் சட்டத்தால். மாளிகை வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

1964-இல் மாளிகை அரசின் கைக்குப் போனது. பிறகு இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்காக அதே குன்றில் ஹோட்டல் கட்ட வந்தவர் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா. குன்றை வெட்டிச் சமன்படுத்தாமல், சரிவுக்குள்ளேயே அறைகளைப் பதித்தார். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, ஒவ்வோர் அறைக்கும் கடல் பார்த்த தனி மாடம். 2002-இல் ஹோட்டல் தனியாருக்குப் போனதும், மாளிகைக்காக நடந்த நீண்ட வழக்கும் வேறு கதை.

கொரியா தம் எழுத்தில் எடுத்துக்காட்டிய கட்டடங்களில் ஒன்று நம் பத்மநாபபுரம் அரண்மனை. தரைமேடை படிப்படியாக அகன்று இறங்குகிறது. மேலே ஓட்டுக் கூரையும் அதே சாய்வில் இறங்குகிறது. வெயிலையும் மழையையும் தடுக்க அங்கே சுவர் தேவையில்லை. உள்ளே உட்கார்ந்தவர் கண்ணில் வானத்தின் கூசும் ஒளி படாது. பார்வை தானாகக் கீழே, பச்சைப் புல்லுக்குப் போய்விடும். போர்ட் பிளேரில் அவர் கட்டிய பே ஐலண்ட் ஹோட்டல் இந்தப் பாடத்தின் பலன். நம் தச்சர்கள் உளியால் கண்டுபிடித்ததை அவர் வரைபடத்தில் எழுதிக்கொண்டார் என்று நினைக்கையில் எனக்கு நெஞ்சு நிறைகிறது. எத்தனையோ தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த அரண்மனைக்குப் போயிருக்கிறேன். இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

கோவளத்தில் ஓர் இரவுதான் தங்கினேன். மத்தியானம் மேற்குக் கடல் பாளம்பாளமாக மின்னியது. மாடத்து நிழலில் கண் கூசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. விடியற்காலை கீழே சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். கரமடி வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசையாகக் கயிற்றைப் பிடித்து, பின்னோக்கி நடந்து, மெல்ல மெல்ல நெருங்கினார்கள். மடி கரையேறும்வரை அறைக்குத் திரும்ப மனம் வரவில்லை. அதில் பாதி நெத்திலி, கொஞ்சம் சாளை.

(தொடரும்)