ஜனாதிபதி மேஜையில் தூங்கிய தபால் மசோதா

ஊரில் இருந்து வரும் இன்லேண்ட் கடிதத்தை யாரோ ஒருவர் பிரித்துப் படித்துவிட்டு, மறுபடியும் ஒட்டி அனுப்பினால் எப்படி இருக்கும்? 1986-ம் ஆண்டில் நாடு முழுவதும் எழுந்த கேள்வி இது.

டெலிபோன் ஒரு சில வீடுகளில் மட்டுமே இருந்த காலம். பம்பாயிலும் பெங்களூரிலும் வேலை பார்த்த நம்மவர்களுக்குக் குழந்தை பிறந்த செய்தியும், நிலத் தகராறும், மனைவியின் மனக்குறையும் தபாலில்தான் வந்து சேரும். அவசர நிலைமை ஏற்பட்டால் தபாலை நிறுத்திப் பார்க்கும் அதிகாரம் வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த 1898-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. அந்த அதிகாரத்தை இன்னும் விரிவாக்க ராஜீவ்காந்தி சர்க்கார் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தது. பத்திரிகைகள் கண்டித்தன, எதிர்க்கட்சிகள் கூச்சல் போட்டன. ஆனால் லோக்சபையில் ஆளும் கட்சியினர் மட்டும் 400 பேருக்கு மேல். இரண்டு சபைகளிலும் மசோதா நிறைவேறிவிட்டது.

பாக்கி இருந்தது ஒரே ஒரு கையெழுத்து.

திருப்பி அனுப்பினால்?

பாராளுமன்றம் நிறைவேற்றிய மசோதா, ஜனாதிபதி சம்மதம் கொடுத்த பிறகே சட்டம் ஆகும். இதைச் சொல்வது அரசியல் சட்டத்தின் 111-வது பிரிவு. அவர் சம்மதம் தரலாம், மறுக்கலாம். பண மசோதாவாக இல்லாவிட்டால், "மறுபடியும் யோசியுங்கள்" என்று திருப்பி அனுப்பவும் செய்யலாம். திருப்பி அனுப்பியதை இரண்டு சபைகளும் மீண்டும் நிறைவேற்றிவிட்டால், ஜனாதிபதி கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். அமெரிக்காவில் ஜனாதிபதியின் மறுப்பை முறியடிக்க இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இங்கே சாதாரண மெஜாரிட்டியே போதும்.

ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் ஜனாதிபதியாக இருந்தபோது இது நடந்தது. ஆதாயம் தரும் சில பதவிகளை வகித்தாலும் எம்.பி. பதவி பறிபோகாது என்று பாதுகாப்புத் தரும் மசோதாவை 2006-ம் ஆண்டு மே மாதம் அவர் திருப்பி அனுப்பினார். இரண்டு சபைகளும் அதை அப்படியே மறுபடி நிறைவேற்றின. ஆகஸ்டு மாதம் கலாம் கையெழுத்திட்டார்.

1986-ல் ஜனாதிபதியாக இருந்த ஜெயில்சிங், தபால் மசோதாவைத் திருப்பி அனுப்பியிருந்தால் இதே கதைதான் நடந்திருக்கும். 400 பேர் மறுபடியும் கை தூக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. மசோதா அப்படியே கிடந்தது.

ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேள்வி எழுதித் திரும்பி வந்த பைலுக்குப் பதில் எழுதி மறுபடி அனுப்பலாம். மேலதிகாரி மேஜையிலேயே கிடக்கும் பைலை என்ன செய்வது? அமெரிக்க ஜனாதிபதிக்காவது ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக 10 நாள் என்று கெடு உண்டு. நம் அரசியல் சட்டத்தில் நாள் கணக்கே இல்லை.

1987 ஜூலையில் ஜெயில்சிங்கின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்து வந்தவர் பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். 1989 தேர்தலில் ஆட்சியும் மாறியது. மறுபரிசீலனைக்காக வெங்கட்ராமன் திருப்பி அனுப்பிய அந்த மசோதாவைப் புதிய சர்க்கார் நிறைவேற்ற முன்வரவில்லை. அது சட்டம் ஆகவே இல்லை.

கவர்னர் மேஜை

கடிதம் எழுதியவர்களுக்கு அன்று நன்மை செய்த இதே மவுனம், மாநிலங்களில் வேறு விதமாகவும் வேலை செய்திருக்கிறது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய சட்டசபையின் மசோதாக்கள் கவர்னர் மாளிகையில் மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் காத்துக் கிடந்தன. தமிழ்நாட்டில் கவர்னர் ஆர்.என்.ரவி திருப்பி அனுப்பிய 10 மசோதாக்களை 2023 நவம்பர் 18-ந்தேதி சட்டசபை மறுபடி நிறைவேற்றியது. அவரோ அவற்றை ஜனாதிபதிக்கு அனுப்பிவிட்டார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2025 ஏப்ரல் 8-ந்தேதி இரண்டு நீதிபதிகள், அந்த 10 மசோதாக்களுக்கும் சம்மதம் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். ஜனாதிபதி விளக்கம் கேட்டதன் பேரில் அதே ஆண்டு நவம்பர் 20-ந்தேதி ஐந்து நீதிபதிகள் கருத்துத் தெரிவித்தார்கள். கோர்ட்டு கெடு விதிக்க முடியாது. சம்மதம் கிடைத்ததாகக் கருதவும் முடியாது. ஆனால் காரணம் இல்லாமல் நீண்டகாலம் சும்மா வைத்திருந்தால், ஏதாவது ஒரு முடிவு எடுக்கும்படி சொல்லலாம் என்றார்கள்.

தபால் விஷயம் அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 1898-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதிய தபால் சட்டம் வந்தது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகத் தபாலை இடைமறிக்கவும், பிரிக்கவும், நிறுத்திவைக்கவும் அதிகாரிகளுக்கு அனுமதி அளிக்க மத்திய சர்க்காருக்கு அதன் 9-வது பிரிவு இடம் தருகிறது. இந்த முறை மசோதா யார் மேஜையிலும் தூங்கவில்லை. டிசம்பர் 18-ந்தேதி லோக்சபையில் நிறைவேறியது. 24-ந்தேதி ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்துவிட்டது.