வெளியிலிருந்து வரும் ஆலோசகர்

பல்லாயிரம் பொறியாளர்களையும் மேலாளர்களையும் கொண்ட ஒரு நிறுவனம், தன்னை மாற்றியமைக்க வெளியாள் ஒருவரைப் பெருந்தொகை கொடுத்து அழைப்பது ஏன்? உள்ளே இருப்போர் அறியாத எதை அவர் அறிவார்? இவ்வினாவுக்கு விடை தேட, கோயம்புத்தூரில் 1941-இல் பிறந்த சி.கே. பிரகலாத் அவர்களின் வாழ்க்கையைச் சற்றே நோக்குவோம்.

சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் பயின்ற அவர், பத்தொன்பதாம் வயதில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பேட்டரித் தொழிற்சாலையில் சேர்ந்தார். நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் அணியில் பயின்றார். 1975-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பேராசிரியர் பணியுடன் ஆலோசகர் பணியும் இணைந்தே வளர்ந்தது.

அவர் பணியின் தன்மையை நன்கு காட்டுவது நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம். மின்விளக்கில் தொடங்கி மின்னணுவியலில் உலகப் பெயர் ஈட்டிய அந்நிறுவனம், நூற்றாண்டை நெருங்கிய 1990-இல் நானூறு கோடி கில்டருக்கும் மேல் இழப்புக் கண்டது. அவ்வாண்டு தலைமையேற்ற யான் டிம்மர், முதுநிலை மேலாளர்கள் நூறு பேரை ஓரிடத்தில் கூட்டினார். அவர்கள் கையில் ஒரு செய்திக்குறிப்பு தரப்பட்டது: பிலிப்ஸ் திவாலாகிவிட்டது! குறிப்பு கற்பனையே. ஆயினும் அது மெய்யாவதற்கு நெடுநாள் ஆகாது என்பதை ஒவ்வொருவரும் உணர்ந்தனர். ‘செஞ்சுரியன் நடவடிக்கை’ என அழைக்கப்பட்ட இம்முயற்சியில் டிம்மருக்குப் பிரகலாத் ஆலோசகராகத் துணைநின்றார். மேல்மட்டத்தில் தொடங்கிய உரையாடல் படிப்படியாகக் கீழ்மட்டங்களுக்கும் கொண்டு செல்லப்பட்டது.

இதன் விலையை மறைத்தல் தகாது. பல்லாயிரவர் வேலை இழந்தனர். கணினிப் பிரிவு 1991-இல் டிஜிட்டல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஆலோசகர் தம் கட்டணத்துடன் விடைபெறலாம்; தொழிலாளி எங்கே செல்வார்? இத்தொழிலைப் பற்றிய நியாயமான மனக்குறை இது. இதற்கு நிறைவான மறுமொழி எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

வெளியாள் ஏன் தேவை என்பதற்குப் பிரகலாத் தந்த விளக்கம் 1986-இல் ரிச்சர்ட் பெட்டிஸ் என்பாருடன் எழுதிய கட்டுரையில் உள்ளது. நேற்று வெற்றி தந்த சிந்தனை முறையே மேலாளர்களின் கண்ணாடியாகிவிடுகிறது. அதில் தெரியாதவை அவர்களுக்கு இல்லாதவையே. வங்கிக் கிளைகளில் பேரேடுகள் போய்க் கணினி வந்த காலத்தை அறிந்த வாடிக்கையாளர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கணினியை வாங்கி வைப்பது எளிதாயிற்று. பழகிய கையும் மனமும் மாறத்தான் ஆண்டுகள் பிடித்தன.

கண்ணாடியைக் கழற்றியபின் எதைக் காண்பது? 1990-இல் கேரி ஹேமலுடன் அவர் எழுதிய கட்டுரை, நிறுவனத்தை ஒரு மரமாகக் காட்டுகிறது. நாம் கடையில் காணும் பொருள்கள் இலைகளும் கனிகளும். வேரோ நிறுவனம் நெடுநாள் சேர்த்த அடிப்படைத் திறன். 1980-இல் அமெரிக்காவின் ஜிடிஇ நிறுவனத்தின் விற்பனை 998 கோடி டாலர்; ஜப்பானின் என்இசி 380 கோடி. 1988-இல் ஜிடிஇ 1,646 கோடி, என்இசி 2,189 கோடி. கணினியும் தொலைத்தொடர்பும் ஒன்றுசேரும் என முன்னுணர்ந்து, அதற்குரிய திறன்களைப் பிரிவு வேறுபாடின்றி என்இசி வளர்த்ததே காரணம் என்றனர். அந்த என்இசியும் பிற்காலத்தில் பின்தங்கியது வேறு கதை.

பிறர்க்கு வழி கூறியவர் தாமே நிறுவனம் நடத்தினால்? பிரகலாத் அதையும் செய்து பார்த்தார். சான் டியாகோவில் ‘பிரஜா’ என்னும் மென்பொருள் நிறுவனத்துக்குத் தலைமையேற்றார். இணையத் தொழில்கள் சரிந்த காலம் அது. ஆட்குறைப்பைத் தவிர்க்க இயலவில்லை. 2002-இல் பிரஜா டிப்கோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன்பின்னும் நிறுவனங்கள் அவரை அழைப்பதை நிறுத்தவில்லை. 2010-இல் மறையும்வரை கற்பித்தலும் ஆலோசனையும் தொடர்ந்தன.