குச்சி வரைபடம்

வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறித்தவுடன் அவற்றைக் கோட்டால் இணைத்துவிடுவது நம் வழக்கம். எல்லா விவரங்களுக்கும் இது பொருந்துமா?

2005 ஜூலை 26 காலை முதல் மறுநாள் காலை வரை, மும்பை சாந்தாகுரூஸ் நிலையத்தில் 944 மி.மீ. மழை பதிவாயிற்று. அம்மாதத்தின் தினசரி அளவுகளைக் கோட்டால் இணைத்தால், முந்திய நாளிலிருந்தே மழை படிப்படியாக ஏறியதுபோல் தோன்றும். உண்மையிலோ, அதன் பெரும்பகுதி பிற்பகலில் தொடங்கிச் சில மணி நேரத்தில் கொட்டியது. பலநூறு உயிர்களைப் பறித்த மழையை அப்படிச் சாய்வாகக் காட்டுவது தவறன்றோ?

இங்கே நமக்கு உதவுவது 'இம்பல்ஸ்' படம். ஒவ்வோர் அளவுக்கும் அடிக்கோட்டிலிருந்து ஈர்க்குச்சிபோல ஒரு செங்குத்துக் கோடு எழும். இடையில் எதுவும் இராது. 1986-இல் வெளிவந்த 'க்னூபிளாட்' என்னும் கணிப்பொறி மென்பொருளில், தேதியையும் மழையளவையும் இரு பத்திகளாக எழுதிய கோப்பைக் கொடுத்து, வரையும் கட்டளையின் முடிவில் 'வித் இம்பல்சஸ்' என்று சேர்த்தால் போதும்.

மழையே பெய்யாத நாளையும், அளக்காமல் விட்ட நாளையும் எப்படிப் பிரித்தறிவது? இரண்டிலும் குச்சி இராதே! பைத்தான் மொழியின் 'மேட்பிளாட்லிப்' நூலகத்திலுள்ள 'ஸ்டெம்' கட்டளை, குச்சியின் நுனியில் ஒரு புள்ளியும் வைக்கிறது. மழை சுழியமானால் அப்புள்ளி அடிக்கோட்டிலேயே அமரும். அளக்காத நாளில் புள்ளியும் இராது.

இடைவிடாது மாறும் வெப்பநிலைக்குக் கோடு வரைவோம். நாளுக்கொரு முறை கூட்டிச் சொல்லும் மழைக்குக் குச்சி நடுவோம். அளக்காததை வரையாதிருப்பதும் வாய்மையே.