ஒரு பைக், ரெண்டு மாநிலம், 12 மாசம்

கோவையில இருந்தோ சேலத்துல இருந்தோ பைக்கைக் கொண்டு போய் பெங்களூருவில ஓட்டுற எல்லாருக்குமான எபிசோட் இது. டிஎன் நம்பர் பிளேட்டோட போகும்போது, சிக்னல் தாண்டி ஓரமா ஒரு காக்கிச் சட்டையைப் பார்த்தா வயித்துல ஒரு கலக்கம் வரும் பாருங்க, அதைப் பத்தித்தான் இன்னைக்கு.

எனக்கு அது எட்டாவது மாசத்துல நடந்தது. ஆபீஸ் போற வழியில நிறுத்தினாங்க. ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாமே சரியா இருந்தது. "இங்க லைஃப் டாக்ஸ் கட்டலையே, வண்டி எப்போ வந்தது? ப்ரூஃப் இருக்கா?"ன்னு கேட்டார். இல்லைன்னா வண்டியை எடுத்துட்டுப் போயிடுவோம்னார். அது அப்பா பேர்ல இருக்கிற வண்டி. அவருக்கே போன் போட்டேன். ரயில் பார்சல்ல அனுப்பின ரசீதை அவர் பத்திரமா ஃபைல்ல வச்சிருந்தார். வாட்ஸ்அப்ல வந்தது, தேதியைப் பார்த்துட்டு விட்டுட்டாங்க.

ஏற்கெனவே வரி கட்டின வண்டிக்கு மறுபடி எதுக்கு வரி? அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன்.

விஷயம் இதுதான். வண்டிப் பதிவு நடக்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி. அது நாடு முழுக்க ஒண்ணுதான். ஆனா வண்டிக்கு வரி போடுற அதிகாரம் மாநிலத்துக்கு. அரசியல் சாசனத்தோட மாநிலப் பட்டியல்ல 57-வது இனமா அது இருக்கு. அதனால கோவையில கட்டின லைஃப் டாக்ஸ் தமிழ்நாட்டுக் கணக்குல போயிடுச்சு, கர்நாடகாவுக்கு ஒரு ரூபாய்கூட வரலை. டேட்டாபேஸ் ஒண்ணு, கல்லாப்பெட்டி மட்டும் தனித்தனி!

சரி, எவ்வளவு நாள் டைம்? சட்டத்தோட 47-வது பிரிவுப்படி, வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டியை வச்சிருந்தா அங்க புது நம்பர் வாங்கணும். 2014-ல் கர்நாடகா ஒரு திருத்தம் கொண்டு வந்து, 30 நாள் தாண்டினாலே லைஃப் டாக்ஸ் கட்டணும்னு சொன்னது. 2016-ல் அந்த மாநில உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் அந்த 30 நாள் பயம் மட்டும் இன்னும் போகலை.

மாநிலத்து பக்கமும் நியாயம் இருக்கு. வரி கம்மின்னு புதுச்சேரியில பதிவு பண்ணிட்டு வேற ஊர்ல கார் ஓட்டுறவங்களை நமக்கே தெரியும். ரோடு போடுறது ஒருத்தர், வரி வாங்குறது இன்னொருத்தர்னா கோபம் வரத்தானே செய்யும்?

என் கடுப்பு நடைமுறை மேலதான். முதல்ல பழைய ஆர்டிஓவில படிவம் 28 கொடுத்து என்ஓசி வாங்கணும். சேஸிஸ் நம்பரைப் பென்சில்ல தேய்ச்சு ஒட்டணும். லோன் இருந்தா ஃபைனான்ஸ்காரங்க சம்மதமும் வேணும். அப்புறம் புது ஊர்ல படிவம் 27, வண்டியோட வயசுக்கு ஏத்த லைஃப் டாக்ஸ். அதையெல்லாம் கட்டி முடிச்ச பிறகுதான் பழைய மாநிலத்துல மீதி வரிக்கு ரீஃபண்ட் கேட்க முடியும். அதாவது, முதல் காசு திரும்பி வர்றதுக்கு முன்னாடியே ரெண்டாவது காசு கையில இருக்கணும். மாசச் சம்பளக்காரனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2021-ல் வந்த பிஎச் சீரிஸ் இதுக்கு ஒரு தீர்வுதான். ஆனா தனியார் கம்பெனின்னா நாலு மாநிலத்துலயாவது ஆபீஸ் இருக்கணும். என் கம்பெனிக்கு இருக்கிறது ரெண்டே ரெண்டு.

கடைசியில பதினோராவது மாசம் வண்டியை ரயில்லயே கோவைக்கு அனுப்பிட்டேன். அப்பா வாங்கின நம்பரை மாத்த மனசு வரலை.

நீங்க கொண்டு போறதா இருந்தா ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. பார்சல் ரசீதோ, டிரான்ஸ்போர்ட் பில்லோ, வண்டி வந்த தேதியைக் காட்டுற ஒரு பேப்பரை போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க. ரோட்ல நிக்கும்போது சட்டம் தெரிஞ்சா மட்டும் பத்தாது, அந்தத் தேதி கையில இருக்கணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.